உண்ணும் உரிமையும் உறுத்தும் கடமையும்

(நம் பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பங்கு மக்கள் கருத்தரங்கில், பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

யூபிலி விழாவில் ‘சாப்பாட்டைப் பற்றி’ ஒரு சொற்பொழிவா என்று சிலர் புன்னகை செய்வது எனக்குத் தெரிகிறது. ஆனால் விழாக்குழுக் கூட்டங்களுக்கு வந்தவர்களுக்கு இதன் காரணம் நன்றாகத் தெரியும். கோபுரத்துக்கு என்ன வண்ணம் பூசுவது என்பதைப் பத்து நிமிடத்தில் முடிவு செய்த நாம், விழா அன்று பந்தியில் என்ன பரிமாறுவது என்பதை இரண்டு கூட்டங்களிலும் முடிவு செய்ய முடியாமல் எழுந்து போனோம். “இறைச்சி இல்லாத எளிய விருந்து வைப்போம், மிச்சமாகும் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்போம், உலகமே சூடேறிக்கொண்டிருக்கும் காலத்தில் இது நம் பொறுப்பு” என்றனர் இளைஞர்கள். “வருஷமெல்லாம் ரசமும் மோரும் குடித்துக் கூலிவேலை செய்கிற ஜனங்களுக்குக் கோயில் விருந்திலும் கறி இல்லையா? என் இலையில் என்ன விழவேண்டும் என்று சொல்ல நீங்கள் யார்?” என்றனர் பெரியவர்கள் சிலர். ஒரு பக்கம் பொறுப்பு. மறு பக்கம் உரிமை. இரண்டுமே நல்ல சொற்கள். நல்ல சொற்கள் இரண்டு மோதிக்கொள்ளும்போதுதான் மனிதன் நின்று யோசிக்க வேண்டும். அந்த யோசனையைச் சற்று உரக்கச் செய்யும்படி பங்குத்தந்தை அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள்.

யார் கட்டளையிடலாம்?

முதலில் உரிமையை எடுத்துக்கொள்வோம். ஒருவன் எதை உண்ண வேண்டும், எதை உண்ணக் கூடாது என்று அரசு கட்டளையிடலாமா? நம் நாட்டில் இந்தக் கேள்வி பலமுறை எழுந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மே மாதம், இறைச்சிக்காக மாடுகளைச் சந்தையில் விற்பதைத் தடுக்கும் விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. அந்த மாத இறுதியிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் நாள், அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. எதை உண்பது, எதை உடுத்துவது என்று அரசு தனக்குச் சொல்வதை எந்த மனிதனும் விரும்பமாட்டான் என்ற கருத்தை அத்தீர்ப்பில் நீதிபதி ஒருவர் எழுதியிருக்கிறார்.

நம் மாநிலத்திலும் ஒரு பாடம் உண்டு. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950-லேயே இயற்றப்பட்டு, ஏட்டில் உறங்கிக்கொண்டிருந்தது. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக நிறைவேற்ற வேண்டுமென்று அரசு உத்தரவிட்டது. கிடா வெட்டிப் பொங்கல் வைப்பது நம் பக்கத்துக் கிராம மக்களுக்கு எத்தனை பெரிய காரியம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்ப்பு கிளம்பியது, 2004 பிப்ரவரியில் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. மக்களின் மனத்தைத் தொடாமல் கையை மட்டும் கட்ட நினைக்கும் எந்தச் சட்டமும் நிலைப்பதில்லை என்பதே இதில் நாம் காணும் உண்மை.

ஆகவே “என் இலையைப் பற்றிச் சொல்ல நீ யார்?” என்று கேட்பவர் தவறாகக் கேட்கவில்லை. அரசுக்கும் சரி, அண்டை வீட்டுக்காரனுக்கும் சரி, அந்த இலையின் மேல் அதிகாரம் இல்லை. ஆனால் அதிகாரம் இல்லை என்பதால் அக்கறையும் வேண்டாம் என்று ஆகிவிடுமா? இங்கேதான் நம் விசுவாசம் நமக்கு ஒரு வழி காட்டுகிறது.

புனித சின்னப்பரின் தீர்ப்பு

தொடக்கத் திருச்சபையிலும் இதே சண்டை நடந்தது. கொரிந்து நகரத்துச் சந்தையில் விற்ற இறைச்சியில் ஒரு பகுதி, சிலைகளுக்குப் படைக்கப்பட்ட மிருகங்களின் இறைச்சி. அதை உண்ணலாமா கூடாதா என்று சபை இரண்டுபட்டு நின்றது. உரோமையிலோ, சிலர் காய்கறி மட்டுமே உண்டனர். மற்றவர் எல்லாம் உண்டனர். இரு சபைகளுக்கும் புனித சின்னப்பர் எழுதிய திருமுகங்களை எடுத்து வாசித்துப் பாருங்கள். உணவு எதுவும் தன்னிலே அசுத்தமானதல்ல என்று அவர் உண்பவன் பக்கம் தீர்ப்புச் சொல்லுகிறார். உடனே அவனை நோக்கித் திரும்பி, உன் உரிமையால் உன் சகோதரன் இடறி விழுவானானால் அந்த உரிமையை நீயாகவே விட்டுவிடு என்கிறார். அந்நிலையில் தாம் இறைச்சியையே தொடமாட்டேன் என்றும் கூறுகிறார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும் அவர் ஒரே மருந்தைக் கொடுக்கவில்லை. உண்பவனுக்கு வரும் நோய் அலட்சியம். உண்ணாதவனுக்கு வரும் நோய், தன்னைப் போல் இல்லாதவனைத் தீர்ப்பிடுவது. ஆகவே ஒருவனுக்கு அலட்சியம் செய்யாதே என்றும், மற்றவனுக்குத் தீர்ப்பிடாதே என்றும் தனித்தனியே சொல்லுகிறார். நம் விழாக்குழுக் கூட்டத்தில் இரண்டு நோய்களும் தலைகாட்டின என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சேந்தமங்கலத்துக்கு வந்த துறவி

வெகுதூரம் போக வேண்டாம். நம் நாமக்கல் வட்டாரத்து மண்ணிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. இத்தாலியில் பிறந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி, நாம் தத்துவ போதகர் என்று போற்றும் அப்பெரியார், 1606-ல் மதுரைக்கு வந்தார். இறைச்சி உண்டு மது அருந்தும் பறங்கியரின் மதம் என்றே கிறிஸ்தவத்தை அந்நாளைய மக்கள் எண்ணி ஒதுங்கினர். அதைக் கண்ட அவர், பிறந்தது முதல் பழகிய இறைச்சியையும் மதுவையும் விட்டார். காவி உடுத்தி, சோறும் காய்கறியும் பாலுமாக, நாளைக்கு ஒரு வேளை உண்டு வாழ்ந்தார். உண்ண அவருக்கு முழு உரிமை இருந்தது. எந்த மேலதிகாரியும் அவரை விடச் சொல்லவில்லை. சொல்லப்போனால் அவருடைய வாழ்க்கை முறையைக் குறை கூறித்தான் உரோமை வரையில் வழக்குப் போயிற்று. 1623 ஜனவரியில் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார், பூணூல், குடுமி, சந்தனம் முதலிய வழக்கங்களை நிபந்தனைகளோடு அனுமதித்தார். அதே ஆண்டில்தான் தத்துவ போதகர் திருச்சிராப்பள்ளி வழியாகச் சேந்தமங்கலத்துக்கும், அங்கிருந்து சேலத்துக்கும் வந்தார். நம் சேலம் சீமையில் வேதம் பரவிய வரலாறு, இறைச்சியை விருப்பத்தோடு துறந்த ஒருவரின் காலடியோடு பின்னிக் கிடக்கிறது.

ஆனால் அன்பர்களே, வரலாற்றைப் பாதி மட்டும் சொல்வது நியாயமாகாது. தத்துவ போதகர் துறந்தது அன்பினால், அதில் ஐயமில்லை. எனினும் அவர் நுழைந்த சமுதாயத்தில் ‘உண்ணாமை’ என்பது உயர்ந்த சாதியின் அடையாளமாகவும், ‘உண்பது’ தாழ்ந்த சாதியின் அடையாளமாகவும் இருந்தது. உயர்ந்தோருக்கு ஒரு குரு, தாழ்த்தப்பட்டோருக்கு வேறொரு குரு என்று அந்நாளைய மறைபணி பிரிந்து நடந்தது. அந்தப் பிரிவின் தழும்பு கோயில்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் நெடுங்காலம் இருந்ததை நாம் அறிவோம். இன்றும் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிற ஒருவனிடம் “நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டால், கேட்பவர் அறிய விரும்புவது அவன் சமையலை அல்ல, அவன் சாதியை.

எனவே இளைஞர்களுக்கு என் முதல் வேண்டுகோள் இதுதான். இறைச்சியைக் குறைப்போம் என்று சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் ‘சுத்தம்’, ‘அசுத்தம்’ என்ற சொற்களை அதற்குள் கொண்டுவராதீர்கள். காலங்காலமாக உணவைச் சொல்லி அவமதிக்கப்பட்ட குடும்பங்கள் இந்தப் பந்தலிலே அமர்ந்திருக்கின்றன. அவர்கள் காதில் உங்கள் நல்ல எண்ணம், பழைய வசையின் புதிய வடிவமாக விழுந்துவிடக் கூடாது.

வடலூர் வள்ளலாரைப் பாருங்கள். புலால் உண்ணாமையை அவரைப்போல் வற்புறுத்தியவர் தமிழகத்தில் வேறு எவருமில்லை. உண்பவரைத் தம் உறவினத்தாராகவே அவர் கொள்ளவில்லை. அப்படிப்பட்டவரும், அவர்களுடைய பசியைத் தீர்ப்பதை மட்டும் தவிர்க்கச் சொல்லவில்லை. 1867-ல் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. கொள்கை எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் பசி அதற்கு முன்னே வருகிறது என்பதை அந்த அடுப்பிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

யாருடைய இலையில் குறைப்பது?

இப்போது பொறுப்புக்கு வருவோம். ‘இறைச்சியைக் குறைக்க வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதாது. யார் குறைக்க வேண்டும் என்று கேட்க வேண்டும்.

2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும் பாதிக்கு மேல் அப்படியே. அக்குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்கின்றனர். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. எனினும் போதிய புரதமும் இரும்புச் சத்தும் இல்லாத தட்டு அவற்றில் முக்கியமானது. இவர்களிடம் போய்க் குறைக்கச் சொல்வது பாவம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. 1982-ல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் 1989-ல் முட்டை சேர்க்கப்பட்டது; முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு படிப்படியாகப் பள்ளி நாட்களில் தினமும் என்றாயிற்று. எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு உடம்பில் சதை பிடித்ததில் அந்த முட்டைக்கும் பங்கு உண்டு. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். உண்ணும் பிள்ளைக்கும் குறையில்லை, உண்ணாத பிள்ளைக்கும் அவமானமில்லை. நம் பெரியவர்கள் இரண்டு கூட்டங்களில் தீர்க்க முடியாததைச் சத்துணவுக்கூடத்து அம்மா ஒரு கூடைப் பழத்தில் தீர்த்துவிட்டார்!

இன்னொன்றும் சொல்கிறேன், ஆண்கள் பொறுத்தருள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழி அடித்தால் தொடையும் ஈரலும் யார் இலைக்குப் போகின்றன? கடைசியாக உட்காரும் தாய்க்கு மிஞ்சுவது எது? குழம்பும் எலும்பும்தானே? இரத்தசோகை இருப்பது யாருக்கு என்று இப்போதுதான் சொன்னேன். ஆகவே குறைப்பது குடும்பத் தலைவனின் இலையிலிருந்து தொடங்க வேண்டுமே தவிர, மனைவியின் இலையிலிருந்தோ, வளரும் பெண்பிள்ளையின் இலையிலிருந்தோ தொடங்கலாகாது. சில வீடுகளில் இறைச்சியைக் குறைப்பதைவிட, இருக்கிற இறைச்சியைச் சரியாகப் பங்கிடுவதே முதல் கடமையாக இருக்கும்.

அப்படியானால் குறைக்க வேண்டியவர் யார்? வசதி வந்தவர்கள். நம் பெற்றோர் காலத்தில் கறி என்பது கிறிஸ்துமஸ், பாஸ்கா, தேர்த் திருவிழா, மாப்பிள்ளை வருகை ஆகியவற்றுக்கு உரியது. நாட்டுக்கோழி அடிக்கும் வாசம் தெருமுனையிலேயே விருந்தாளி வந்திருப்பதைச் சொல்லிவிடும். 1990-களில் பல்லடம், கோவைப் பக்கமிருந்து ஒப்பந்த முறைக் கறிக்கோழி வளர்ப்பு பரவியது. ஆறு வாரத்தில் கோழி எடைக்கு வந்துவிடுகிறது. விலை குறைந்தது, ஏழைக்கும் எட்டியது, அது நல்லதே. ஆனால் வசதியுள்ள வீடுகளில் காலை, மாலை, இரவு என்று வேளை தவறாமல் அது வந்து உட்கார்ந்துகொண்டது. காய்கறியும் கீரையும் பயறும் இலையின் ஓரத்துக்குப் போய்விட்டன. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம்மில் எத்தனை பேர் உண்கிறோம்? பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் என்று அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அறிவித்தது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியையும் ஐயத்துக்குரிய வரிசையில் வைத்தது. அளவோடு உண்பவர் நடுங்க வேண்டியதில்லை. அளவில்லாமல் உண்பவர் யோசிக்க வேண்டும்.

பூமியின் கணக்கும் நம் பண்ணையின் கணக்கும்

மனிதனால் காற்றில் சேரும் வெப்பவாயுக்களில் கால்நடை வளர்ப்பின் பங்கு 14.5 விழுக்காடு என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-ல் மதிப்பிட்டது. 2023-ல் வெளியிட்ட புதிய மதிப்பீட்டில் அது ஏறத்தாழ 12 விழுக்காடு. அசைபோடும் மாடும் ஆடும் விடுகிற மீத்தேன் அதில் பெரும் பங்கு. கோழியின் பங்கு மிகக் குறைவு. மேலும் ஓர் அமெரிக்கருக்கு ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் இறைச்சி. சராசரி இந்தியருக்கு 10 கிலோகூட இல்லை. ஆகவே இந்தக் கடனில் பெரும் பகுதி பணக்கார நாடுகளுக்கு உரியது. அவர்கள் கடனை மோகனூர்க் கூலிக்காரன் தலையில் கட்டுவது அநியாயம். ஆயினும் நம்மிடையே வசதியுள்ளவன் அந்த நாட்டான் போல் உண்ணத் தொடங்கிவிட்டால், அவனுக்குரிய கணக்கும் அதுதான். காவிரியில் தண்ணீர் எந்த ஆண்டு வரும், எந்த ஆண்டு பொய்க்கும் என்று வானத்தைப் பார்த்து வாழும் கரும்பு, வாழை, வெற்றிலை விவசாயிகளாகிய நமக்கு, பருவம் தப்புவது வெறும் பத்திரிகைச் செய்தி அல்ல.

இன்னொரு பக்கமும் உண்டு. நாமக்கல் என்றால் முட்டை. தினந்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் இங்கிருந்து கேரளத்துக்கும், சத்துணவுக்கூடங்களுக்கும், கடல் கடந்தும் செல்கின்றன. இந்தப் பந்தலில் இருப்பவர்களில் தீவனம் அரைப்பவர், முட்டை பொறுக்குபவர், லாரி ஓட்டுபவர் எத்தனை பேர்! 1985-ல் நாமக்கல்லில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து வாழ்வு பெற்ற பிள்ளைகளும் உண்டு. மானாவாரிக் காட்டில் நாலு வெள்ளாடு மேய்க்கும் விதவைக்கு அந்த ஆடுதான் வங்கி; பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டிய நாளில் அவள் போய் நிற்பது ஆட்டுச் சந்தையில்தான். இறைச்சியே கூடாது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறவர் இவர்களுக்கு என்ன பதில் சொல்லுவார்?

ஆனால் உற்பத்தி செய்பவனுக்கும் பொறுப்பு உண்டு. முட்டைக்கோழி தினம் 110 கிராம் அளவுக்குத் தீவனம் தின்கிறது. மக்காச்சோளமும் சோயாவும் விளைந்த நிலமும் நீரும் அதற்குள் இருக்கின்றன. கூண்டில் அக்கோழிக்குக் கிடைக்கும் இடம் பல பண்ணைகளில் நாம் எழுதும் முழுத்தாள் ஒன்றின் அளவுகூட இல்லை. இறக்கையை விரிக்காமலே அதன் ஆயுள் முடிகிறது. உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று நம் அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவு கூறுகிறது. 1976-ல் நிறைவேறிய திருத்தம் அது. மனிதனுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழித் தீவனத்தில் கலந்து கொடுக்கும் வழக்கம் இருந்தது. 2019 ஜூலையில் மத்திய அரசு அதைத் தடை செய்தது. கோழி எருவை மூடாமல் கொட்டி, பக்கத்துக் குடிசைகளில் சோற்றுத் தட்டில் ஈ மொய்க்கச் செய்வதும் அன்புக் கட்டளைக்கு எதிரானதே. மலிவாக வேண்டும், நிறைய வேண்டும் என்று வாங்குகிறவன் கேட்கும்வரை, பண்ணைக்காரன் கூண்டைச் சுருக்கிக்கொண்டேதான் போவான். கொஞ்சம் குறைவாக வாங்கி, கொஞ்சம் கூடுதலாக விலை கொடுக்க நாம் தயாரானால், கோழிக்கும் இடம் கிடைக்கும், முட்டை பொறுக்கும் பெண்ணுக்கும் கூலி உயரும்.

ஒருசந்தியும் சுத்தபோசனமும்

இவற்றுக்கெல்லாம் புதிதாக ஏதும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் ‘ஒருசந்தி, சுத்தபோசனம்’ என்று சொல்லிக் காத்து வந்த வழக்கமே போதும். 1966 பிப்ரவரியில் பாப்பரசர் 6-ஆம் சின்னப்பர் தவமுயற்சி பற்றிய ஒழுங்கைப் புதுப்பித்தார். 1983-ன் திருச்சபைச் சட்டத்தின்படி ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமைகளும் தவ நாட்களே. இறைச்சி தவிர்க்கும் கடமை 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்திக் கடமை 18 வயதுக்கு மேல் 59 வயது நிறையும்வரை. பிற நற்செயல்களை அதற்கு ஈடாக அமைக்கும் உரிமையை ஆயர் பேரவைகளுக்கும் சட்டம் தந்திருக்கிறது. முட்டைக்கும் பாலுக்கும் தடையில்லை. நாமக்கல்காரர்கள் கவலைப்பட வேண்டாம்! நோயாளி, கர்ப்பிணி, பாலூட்டும் தாய், கடும் உழைப்பாளி ஆகியோரைத் திருச்சபை எப்போதும் கனிவோடு விலக்கியே வந்திருக்கிறது.

ஆனால் ஈடு செய்யலாம் என்ற சலுகையை நினைவில் வைத்த நாம், ஈடு செய்வதை மறந்துவிட்டோம். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும் மிஞ்சின. சிலர் அந்நாட்களில் இறைச்சியை விட்டு, அதைவிட விலை உயர்ந்த வஞ்சிர மீனைத் தேடி அலைகிறார்கள். சட்டத்தின் எழுத்து காக்கப்படுகிறது. அதன் ஆவி வாணலியில் வறுபடுகிறது!

சிறிய வழக்கம் பெரிய பயன் தருமா என்று கேட்பீர்கள். இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தை 2011 செப்டம்பரில் மீண்டும் கொண்டுவந்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் விளைவைக் கணக்கிட்டு 2022-ல் வெளியிட்டனர். கத்தோலிக்கரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே தம் வெள்ளிக்கிழமை உணவை மாற்றினர். அதற்கே ஆண்டுக்கு 55,000 டன்னுக்கு மேல் கரிவாயு குறைந்தது என்பது அவர்கள் மதிப்பீடு. அங்கே யாரையும் யாரும் சிறையில் அடைக்கவில்லை. மறுத்தவனைச் சபையிலிருந்து நீக்கவும் இல்லை. அழைத்தார்கள்; விரும்பியவர்கள் வந்தார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ என்ற சுற்றுமடலும், பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் ஒன்றாகக் கேட்கவே நம்மை அழைத்தது.

சுதந்திரம் என்பதன் பொருளும் இதுவே என்று நான் எண்ணுகிறேன். நம் மோகனூர், நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை 1888-ல் பிறந்த ஊர். அவர் பின்பற்றிய காந்தியடிகள் அதே 1888-ல்தான், இறைச்சியும் மதுவும் தொடமாட்டேன் என்று தாய்க்கு வாக்களித்துவிட்டு இலண்டனுக்குக் கப்பலேறினார். 1931-ல் அதே இலண்டனில் சைவ உணவாளர் சங்கத்தில் பேசும்போது, உண்ணாதவர்கள் உண்பவரிடம் பொறுமையும் பணிவும் காட்ட வேண்டுமென்று சங்கத்தாருக்கே அவர் அறிவுரை சொன்னார். தன்னை அடக்கத் தெரிந்தவனே சுதந்திரத்துக்குத் தகுதியானவன் என்று வாழ்ந்து காட்டியவர், பிறரை அடக்க அதைக் கருவியாக்கவில்லை.

விருந்து என்ன ஆவது?

கடைசியாக, நம் யூபிலி விருந்து. என் கருத்தை ஒளிக்காமல் சொல்லுகிறேன். ஏற்பதும் மறுப்பதும் பேரவையின் உரிமை.

விழா நாளில் கறி இருக்கட்டும். ஆண்டவர் இயேசு கானாவூர்க் கலியாணத்துக்குப் போனவர். ஊதாரி மகன் திரும்பி வந்தபோது கொழுத்த கன்றை அடித்து விருந்து வைத்த தந்தையின் கதையைச் சொன்னவர். ஆண்டெல்லாம் உழைத்த ஏழைக்குப் பந்தியில் ஒரு துண்டு கறி வைப்பது ஆடம்பரமல்ல, மரியாதை. அதே பந்தியில், அதே வரிசையில், உண்ணாதவருக்கும் குறைவில்லாத சமையல் இருக்கட்டும். சைவப் பந்தி ஒரு பக்கம், அசைவப் பந்தி ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டாம். பிரித்த பந்தியில் நாம் ஏற்கெனவே பட்டது போதும். பரிமாறுகிறவர் கேட்டுப் பரிமாறட்டும். இலையில் வீணாகாத அளவுக்குச் சமைப்போம்.

ஆனால் விருந்துக்கு மறுநாள் முதல், இளைஞர்கள் சொன்னதற்குச் செவி கொடுப்போம். விரும்பும் குடும்பங்கள் வெள்ளிதோறும் இறைச்சியும் மீனும் இல்லாமல், கீரையும் பயறும் வைத்து உண்ணட்டும். ஆட்டிறைச்சி இன்று கிலோ 800 ரூபாய்க்கும் மேல் விற்கிறது. மாதத்தில் ஒரு கிலோ குறைத்தால்கூட, அந்தப் பணத்தில் சத்து இல்லாத பிள்ளை ஒன்றுக்குத் தினம் முட்டையும் பயறும் கொடுக்க முடியும். புனித வின்சென்ட் தே பால் சபையார் ஓர் உண்டியல் வைக்கட்டும்; யார் போட்டார், யார் போடவில்லை என்று பார்க்க வேண்டாம். வெள்ளிக்கிழமை எந்த வீட்டில் என்ன வாசம் வருகிறது என்று மோப்பம் பிடிப்பவர் ஒருவரும் நம் பங்கில் இருக்க வேண்டாம்.

என் இலையில் என்ன விழவேண்டும் என்று நீ சொல்லாதே என்பது என் உரிமை. என் இலையைத் தாண்டி, பக்கத்து இலையில் என்ன இருக்கிறது என்று நானாகவே பார்ப்பது என் கடமை. முன்னதை யாரும் நம்மிடமிருந்து பறிக்கலாகாது. பின்னதை யாரும் நமக்காகச் செய்துவிட முடியாது. இந்த யூபிலி ஆண்டில் இரண்டையும் காத்துக்கொள்ள இறைவன் நமக்கு நல்ல மனத்தைத் தருவாராக!